கடலோர ஹோட்டலில் ரூம் போடும் முன்னும், போய் ஏமாந்த பின்னும்

நம்ம கொங்குப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்பது வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் பிள்ளைகளுக்கு லீவு விட்டால்தான். போன மே மாதம் கோபியிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் காரை எடுத்து, வாளையார் தாண்டி, பாலக்காடு வழியாகக் கேரளக் கரைக்குப் போனோம். இரண்டு ரூம், இரண்டு ராத்திரி, ஒரு ரூமுக்கு நாளொன்றுக்கு 6,500, மொத்தம் 26,000 ரூபாய். பீச் ரிசார்ட் என்று போட்டிருந்த இடத்தில் கால் வைக்க மணலே இல்லை. ஆள் உயரத்துக்குக் கருங்கல் கொட்டியிருந்தார்கள், அதில் கடல் வந்து மோதிக்கொண்டிருந்தது. ரூமில் ஏசித் தண்ணீர் கட்டில் மேல் சொட்டியது. "வந்தது வந்தாச்சு கண்ணு, ரெண்டு நாளுதான, உடு" என்றார் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. நாங்களும் விட்டுவிட்டோம், அப்படி விட்டதுதான் பெரிய தப்பு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் ரூம் போடும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

ஹோட்டல்காரர்கள் போடும் படத்தை நம்பாதீர்கள். கூகுள் மேப்பில் ஹோட்டல் பெயரைப் போட்டு சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்: மணலா, ரோடா, மீன்பிடிப் படகு நிறுத்தும் இடமா, கருங்கல் சுவரா. தூரத்தை அளக்கவும் அதிலேயே வசதி இருக்கிறது. அந்தப் படம் எப்போது எடுத்தது என்பதும் முக்கியம், ஏனென்றால் கரை ஒரே மாதிரி இருப்பதில்லை. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டியதும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் தடைப்பட்டு, ஊருக்கு முன்னால் இருந்த மணற்கரை காணாமலே போனது, பல வருஷம் கழித்துத்தான் ஒரு பகுதி திரும்பியது. அதனால் ஆட்கள் போட்ட படங்களையும் கருத்துகளையும் 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்திக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். ஐந்து ஸ்டார் கொடுத்து "சூப்பர்" என்று ஒரு வார்த்தையில் முடித்தவர்களை விட்டுவிடலாம், மூன்று ஸ்டார் கொடுத்து நாலு வரி எழுதியவர்கள்தான் பெரும்பாலும் உள்ளதைச் சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். கோவளம் என்று சென்னை ஈசிஆரில் ஒன்று, திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, கன்னியாகுமரி பக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

அடுத்தது மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை, பல நாள் கடலில் இறங்கவே விடமாட்டார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்ம கிழக்குக் கரையில் வடகிழக்கு மழையும் புயலும். மே மாதம் இரண்டுக்கும் தப்பித்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் மழைக்கு முந்தைய மாதங்களில் கேரளத்தில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று வரும்: எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் திருடன் மாதிரி கரையேறி மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, கிளம்புவதற்கு முதல் நாள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் கேரளக் கரைக்கு நல்ல நேரம், வாடகை கூடத்தான் இருக்கும்.

அப்புறம் கட்டாயம் போன் போடுங்கள். சீ வியூ, சீ ஃபேசிங், பீச் ஆக்சஸ் என்ற வார்த்தைகளை ஒவ்வொரு ஹோட்டலும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எங்கள் சீ வியூ ரூமில் பால்கனி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தென்னை மரத்துக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரிந்தது, அவ்வளவுதான். அதனால் "ஏனுங்க, எங்களுக்குக் கொடுக்கிற ரூம் பால்கனியிலிருந்து இன்னைக்கு ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று கேளுங்கள். ஒழுங்கான இடமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். குளிக்க நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்பதையும் கேளுங்கள், சிறுவாணியிலும் பவானியிலும் குளித்துப் பழகியவர்களுக்குக் கடலோரத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுத்துப் போகும். அவர்கள் சொன்ன பதிலையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

இனி, எல்லாம் பார்த்தும் ஏமாந்துவிட்டால். போய்ச் சேர்ந்ததும் களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாயாதீர்கள். பைகளெல்லாம் காரிலேயே இருக்கட்டும். ஒருவர் மட்டும் போய் ரூமைப் பார்த்து, குழாய், ஏசி, கதவுத் தாழ்ப்பாள், ஃபிளஷ் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வரட்டும். கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பையும் ஏசியையும் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் பழுது என்பது அங்கே அடிக்கடி நடப்பதுதான், அதைச் சரிசெய்து வைப்பது அவர்கள் பொறுப்பு. குறை இருந்தால் அந்த அரை மணி நேரத்துக்குள் போட்டோவும் வீடியோவும் எடுத்து, ரிசப்ஷனில் வாயால் சொல்லிவிட்டு அதே விஷயத்தை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள்: "ரூம் 104, காலை 11.20, ஏசியிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது, வேறு ரூம் வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரவும்." ஆப் மூலம் போட்டிருந்தால் அவர்களுக்கும் அப்போதே சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். கிளம்பும்போது பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது, எடுக்கச் சொல்லலாம்.

அங்கே தீராவிட்டால் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது நம்ம ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: ஹோட்டல் கேரளத்தில் இருந்தாலும் கோவாவில் இருந்தாலும், 2019-ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது ஈரோட்டிலோ கோவையிலோ வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் செய்துவிட வேண்டும்.

நாங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் போட்டோவெல்லாம் வைத்து எழுதினோம். "தங்கியிருந்தபோது நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று பதில் வந்தது, அதற்கு எங்களிடம் மறுபேச்சு இல்லை. 1915-இல் பதிந்து, மூன்று முறை நினைவுபடுத்தி, கடைசியில் ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 6,500 மட்டும் திரும்ப வந்தது. அம்மாயி சொன்ன அன்றைக்கே அரை மணி நேரம் ரிசப்ஷனில் நின்றிருந்தால் அன்று சாயங்காலமே வேறு இடத்துக்குப் போயிருப்போம், அம்மாயியும் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்திருப்பார்.