கோரையிடம் தோற்கவைக்கும் தவறுகள்

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கதிரை ஒடித்து முடித்ததும் பலரும் செய்யும் முதல் வேலை ரோட்டவேட்டரைக் கூப்பிடுவதுதான். இரண்டு முறை ஓட்டினால் மண் மாவாகிவிடும், ஒரு களைகூடக் கண்ணில் படாது. நானும் அப்படித்தான் செய்தேன். அப்போது கொல்லையின் வடமூலையில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் கோரை என்ற கிழங்குக் களை இருந்தது. அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்த்தால், டிராக்டர் போன திசையெல்லாம் கோரை முளைத்து நின்றது. கோரை மண்ணுக்குள் எப்படி வாழ்கிறது என்று தெரியாமல் இயந்திரத்தை இறக்கியது என் பிழை. அதே பிழையை இன்றும் ஊர் ஊராகப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோரையைப் பிடித்து இழுத்தால் பச்சை மட்டும் கையோடு வரும். மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். கருத்த கிழங்குகள் நூலில் கோத்த மணிகளைப் போல ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். பெரும்பாலானவை மேல் அரை அடிக்குள் இருக்கும், சில இன்னும் கீழே இறங்கியிருக்கும். அந்தத் தொடர் அறுபடாத வரை நுனியில் உள்ள கிழங்குதான் முளைத்து நிற்கும், மற்றவை பெரும்பாலும் உறங்கும். தொடர் அறுந்தால் உறங்கியவை எல்லாம் விழித்துக்கொள்ளும். ரோட்டவேட்டர் செய்வது இதைத்தான். தொடரைத் துண்டாக்கி, துண்டுகளைக் கொல்லை முழுவதும் விதைத்துவிட்டு, மேலே ஈர மண்ணையும் போட்டு மூடிவிடுகிறது.

உழவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே ஒரு முறை உழுவதும், ஈரத்தில் உழுவதும்தான் கேடு. கோடை மழை ஒன்று பெய்து கோரை முளைக்கட்டும். பிறகு வெயில் நிலைக்கும் நாளாகப் பார்த்து, சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டிப் பெரிய கட்டிகளாக விட்டுவிட வேண்டும். கோரைக்கிழங்கு வெட்டுக்குச் சாகாமல் பிழைத்தாலும், உலர்ந்தால் செத்துவிடும். சித்திரை வெயிலில் பல நாள் மண்மேல் கிடந்த கிழங்கு மறுபடி முளைக்காது. அடியில் தங்கியவை முளைத்து வரும்போது அடுத்த உழவு. முளைத்து மூன்று வாரத்துக்குள் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும் என்பதால் அந்த இடைவெளியைத் தாண்ட விடக் கூடாது. முதல் உழவைச் செய்துவிட்டு இரண்டாவதைத் தள்ளிப்போட்டவர், உழாமல் இருந்தவரைவிட அதிகக் கோரையை வளர்த்திருப்பார்.

கைக்களை எடுப்பதிலும் இதே கதைதான். களைக்கொத்தால் மேலாகச் செதுக்கினால் அன்று மாலை நிலம் சுத்தமாகத் தெரியும், நான்கைந்து நாளில் மறுபடி பச்சை எழும். களை எடுக்க வரும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாம் பரப்பைக் கணக்கிட்டு வேலை வாங்குகிறோம், அதற்குத் தக்க வேலைதான் கிடைக்கும். சிறிய திட்டாக இருக்கும்போதே அந்த இடத்தை மட்டும் தனியாகக் குறித்து, ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுக்கக் கூலி கொடுத்தால் பின்னால் பத்து மடங்கு மிச்சமாகும். எடுத்த கிழங்கை வரப்பில் வீசுவதும் குப்பைக்குழியில் போடுவதும் அடுத்த தவறு. நம் குப்பைக்குழிகளில் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு எருவோடு அது கொல்லைக்கே திரும்பி வரும். களத்தில் உலர்த்தி எரித்துவிடுங்கள்.

கோரை எந்த வழியாக வந்தது என்று பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஏரி வண்டல், நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் மண் பை, வாடகைக் கலப்பையின் கொழுவில் ஒட்டிய மண் ஆகியவைதான் முக்கிய வாசல்கள். வாடகை டிராக்டர் வரப்பைத் தாண்டும் முன் கலப்பையில் ஒட்டிய மண்ணைக் கம்பியால் சுரண்டிவிடச் சொல்ல ஐந்து நிமிடம்தான் ஆகும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கோரை மண்டிய நிலத்தில் சின்ன வெங்காயம் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெங்காயத் தாள் நிழல் தராது, கோரைக்கோ நிழல்தான் பகை. நிலப்போர்வை விரித்தால் தப்பிக்கலாம் என்று செலவு செய்பவர்களும் உண்டு. கோரையின் முளை ஊசி போன்றது, பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பணத்தில் பாதிகூட வேண்டாம், பசுந்தாள் உரப் பயிரான சணப்பையின் விதையை ஏக்கருக்கு 20 கிலோ வரை நெருக்கி விதைத்தால் அடியில் வெளிச்சமே விழாது. பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கும் உரம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஒரு போகம் சேற்றுழவு செய்து நெல் நட்டுத் தண்ணீரைத் தேக்கினாலும் கோரை வெகுவாக அடங்கும்.

களைக்கொல்லி விஷயத்தில் தவறுகள் அதிகம், இழப்பும் அதிகம். மக்காச்சோளத்தில் அட்ரசின் தெளித்தும் கோரை போகவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்ரசினும் பெண்டிமெத்தலினும் விதையிலிருந்து முளைக்கும் களைகளுக்கானவை. கிழங்கிலிருந்து வருவதை அவற்றால் நிறுத்த முடியாது. பாராகுவாட் இலையை மட்டும் கருக்கும், கிழங்கைத் தொடாது. உடலுக்குள் போனால் அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. அதை வீட்டில் வாங்கி வைக்கவே வேண்டாம் என்பேன்.

கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போய்க் கிழங்குவரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் அது தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லாத இடங்களுக்கும் மட்டுமே பதிவு பெற்றது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று ஆணையிட்டது. பயிர் வரிசைக்கு நடுவே தெளிப்பான் முனையில் மூடி வைத்துத் தெளிப்பதற்கு அனுமதி இல்லை. தரிசில் முறைப்படி தெளித்தாலும் பலன் கெடும் இடங்கள் உண்டு. புல்லை அறுத்துவிட்டுத் தெளிப்பது, வாடிக் கிடக்கும்போது தெளிப்பது, வாய்க்காலின் கலங்கல் நீரில் கலப்பது, தெளித்த மூன்றாம் நாளே உழுவது ஆகியவை அவை. இலை நிறையப் பச்சையாக, பூக்கும் தருவாயில் இருக்கும்போதுதான் மருந்து கீழே இறங்கும். கலங்கல் நீரிலுள்ள களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரும்பு போட்டவர்களுக்குக் கோரைக்கென்றே பதிவு பெற்ற ஹேலோசல்ப்யூரான் மீத்தைல் இருக்கிறது. அளவையும் பருவத்தையும் லேபிளைப் படித்தோ வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள்.

பருத்தி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கொல்லையில் 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் அதன் சாரல் காற்றில் வந்தே பருத்தி இலையைச் சுருட்டிக் காயைக் கெடுத்துவிடும். அதைத் தெளித்த தெளிப்பான் டப்பாவைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்து ஒரு பருவத்தையே இழந்தவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அந்த டப்பாவைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அருகுக்கும் மேலே சொன்னதில் பாதி பொருந்தும். ‘அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த உறுதி கரிசல் மண்ணில் நன்றாகத் தெரியும். அதன் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. ஆகவே ஈர மண்ணில் வெட்டிச் சிதறவிடுவது அங்கேயும் தவறு. கொக்கிக் கலப்பையால் தண்டை வெளியே இழுத்து, வாரிச் சேர்த்து, காயவைத்து எரிக்க வேண்டும். வரப்பில் விட்டுவைத்த அருகு, ஒரே பருவத்தில் கொல்லைக்குள் மறுபடி இறங்கிவிடும்.

பாய் பின்னும் கோரையும், நெல் வயலில் முளைக்கும் ஊசிக்கோரை, வட்டக்கோரையும் இங்கே சொன்ன கிழங்குக் கோரை அல்ல, வேறு செடிகள். அந்த இரண்டு வயல் கோரைகளும் விதையால் பரவும் ஓராண்டுக் களைகள் என்பதால் அவற்றை வேறு வகையில் அடக்கலாம். எது நம் நிலத்தில் இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்து, கிழங்கு இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே செலவு செய்யுங்கள்.

ஒரு கோடையில் இதை முடித்துவிட நினைத்துப் பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று ஆண்டு தொடர வேண்டியிருக்கும். மேலே தெரியும் பச்சையை வைத்துப் பலனை அளக்காதீர்கள். திட்டு இருந்த இடத்தில் மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றி, ஒவ்வொரு பங்குனியிலும் அங்கே ஒரு சதுர அடியை ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். கிடைக்கும் கிழங்குகளைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, உறுதியாக இருப்பது உயிருள்ளது. சுருங்கிப் பழுப்பேறியது செத்தது. உயிருள்ளவற்றை எண்ணி ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். அந்த எண் குறையாத ஆண்டில், வெங்காயத்தை வேறு கொல்லைக்கு மாற்றிவிட்டு இங்கே சணப்பை விதையுங்கள்.