பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து: பார்க்கவும் பேசவும் எழுதவும்

நியூ ஜெர்சியில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் என் வயதுக்காரர்களுக்கும், பிஸ்காட்டவேயில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போகும் நம்மவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் பி.டி. டீச்சராக வேலை பார்த்தவள். கல்லூரி நாளில், பந்தை நடத்திச் செல்லும் கார்டு இடத்தில் ஆடியவள். அரங்கில் பின் வரிசையிலிருந்து தமிழ் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அது "அந்த நெட்டச்சிய பாரு", "தலமுடிய பாரு" என்று வரும்போது மனசு சுருங்கிப்போகிறது. இங்கே யாருக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்குத் தெரியும்.

ஆட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அணியின் ரோஸ்டரைப் பாருங்கள். எண், பெயர், உயரம், ஆடும் இடம், எந்த ஆண்டு மாணவி, சொந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். ஐந்து பேரின் எண்ணையும் பெயரையுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டால், தொடக்க ஐவரை அறிவிப்பாளர் அழைக்கும்போது காதைத் தீட்டிக் கேளுங்கள். நம் பெயரை இந்த ஊர்க்காரர்கள் சிதைத்தால் நமக்கு வலிக்கிறதே, அதே அக்கறையை நாமும் காட்டலாம். பெயர் தெரிந்துவிட்டால் "நெட்டச்சி"க்கு வேலையே இல்லை.

நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்கு இதே ரட்கர்ஸ் அணிக்கு நடந்ததுதான் காரணம். 2006 டிசம்பரில் டியூக் அணியிடம் 85-45 என்று அடிவாங்கிய அணி அது. பத்தே வீராங்கனைகள், அதில் ஐந்து பேர் முதலாண்டு மாணவிகள். பயிற்சியாளர் சி. விவியன் ஸ்ட்ரிங்கர் அவர்களைத் தடுப்பாட்டத்தில் பிழிந்தெடுத்தார். மார்ச்சில் தேசியப் போட்டியில் அதே டியூக்கை 53-52 என்று வீழ்த்தினார்கள். அரையிறுதியில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியை வெறும் 35 புள்ளியில் நிறுத்தினார்கள். 2007 ஏப்ரல் 3 அன்று இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் 59-46 என்று தோற்றார்கள். மறுநாள் காலை டான் ஐமஸ் என்ற வானொலிக்காரர் தன் நிகழ்ச்சியில் அந்தப் பெண்களின் முடியையும் நிறத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்து இழிவாக ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். ஏப்ரல் 12 அன்று அவருடைய வானொலி நிறுவனமான சி.பி.எஸ். அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்குள் நாடு முழுவதும் அந்தச் சொல்லே பேச்சாகிவிட்டது; டியூக்கை வென்ற கதை அடியில் போய்விட்டது. ஸ்ட்ரிங்கர் செய்தியாளர்கள் முன்னால் அமர்ந்து, இவர்கள் பள்ளியில் முதல் மாணவிகள், நாளைய மருத்துவர்கள், இசை மேதைகள் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இறுதி ஆட்டம் வரை வந்த ஒரு பயிற்சியாளர் அந்த வாரம் தடுப்பாட்டத்தைப் பற்றியல்லவா பேசியிருக்க வேண்டும்!

ஆகவே ஆட்டத்தைப் பற்றிப் பேசப் பழக வேண்டும். புள்ளிகள் யார் கண்ணுக்கும் தெரியும். ஸ்கோர் பலகையில் வராததைக் கவனியுங்கள். பந்து கையில் இருப்பவருக்கு வழி திறக்க, தன் உடம்பைச் சுவராக நிறுத்தி ஸ்க்ரீன் போடுகிறவர் யார்? ஷாட் கிளம்பியதும், தவறித் திரும்பும் பந்து (ரீபவுண்ட்) தன் அணிக்குக் கிடைக்க, பந்தைப் பார்க்காமல் முதலில் எதிராளியை முதுகால் அடைத்துப் பாக்ஸ் அவுட் செய்கிறவர் யார்? தன் ஆளை விட்டு ஓடிவந்து, தோழியைக் கடந்துவிட்டவரை மறிப்பவர் யார்? இடைவேளையில் பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள். "சூப்பரா ஆடினாங்க" என்பதைவிட, "மூன்றாம் குவார்ட்டரில் அந்த 12-ஆம் எண் மூன்று முறை பாக்ஸ் அவுட் செய்ததால்தான் ரீபவுண்ட் நமக்கு வந்தது" என்பது அந்த வீராங்கனைக்குக் கொடுக்கும் உண்மையான மரியாதை. அழகைப் பற்றிய பாராட்டும் வேண்டாம். அவர் அதற்காகக் களத்துக்கு வரவில்லை. "ஆம்பளை மாதிரி ஆடுது" என்பதும் பாராட்டு இல்லை.

அவரா, அவளா? எழுதும்போது "அவர்"தான், ஆண் வீரருக்கு "எடுத்தார்" என்றால் இவருக்கும் "எடுத்தார்". வீட்டுப் பேச்சில் ஆண் வீரரை உரிமையோடு "அவன்" என்கிறவர்கள் அதே உரிமையோடு "அவ" என்றால் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு அளவு, இவருக்கு ஒரு அளவு என்பதுதான் தவறு. அணியின் பெயரையும் அணி எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அப்படியே சொல்லுங்கள். டென்னசிப் பெண்கள் "லேடி வால்ஸ்" என்ற பெயரைத் தங்கள் பெருமையாக வைத்திருக்கிறார்கள். அதற்காக எல்லா அணிக்கும் நாமே "லேடி" ஒட்ட வேண்டியதில்லை.

போட்டிக்கும் அப்படித்தான். தேசியக் கல்லூரிப் போட்டிக்கான "மார்ச் மேட்னஸ்" என்ற பெயரை, அதை நடத்தும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நெடுநாள் ஆண்களுக்கு மட்டுமே வைத்திருந்தது. 2021-இல் சான் அன்டோனியோவில் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி அறை என்ற பெயரில் ஒரு சிறு டம்பெல் அடுக்கை வைத்திருந்ததை ஆரெகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் படமெடுத்துக் காட்டினார். அதன் பிறகு எழுந்த கண்டனத்தில் பலதும் மாறியது. 2022 முதல் பெண்கள் போட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது. எனவே "பெண்கள் இறுதி" என்று எழுதினால், அடுத்த வரியில் "ஆண்கள் இறுதி" என்றும் எழுதுங்கள்.

சாதனைகளைச் சொல்லும்போது யாரையும் அழித்துவிடக் கூடாது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 2024 பிப்ரவரியில் கெல்ஸி பிளம்மின் என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாதனையான 3,527 புள்ளிகளைத் தாண்டியதும் பலர் வரலாறு முடிந்தது போல எழுதினார்கள். கான்சஸுக்காக 1981 வரை ஆடிய லினெட் வுடார்ட் 3,649 எடுத்திருந்தார். அப்போது பெண்கள் போட்டியை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற வேறொரு அமைப்பு; என்.சி.ஏ.ஏ. பெண்களுக்குப் போட்டி தொடங்கியதே 1982-இல்தான். வுடார்ட் காலத்தில், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு கிடையாது. பந்தும் ஆண்கள் ஆடும் பெரிய பந்து. கிளார்க் அதையும் தாண்டி 3,951-இல் முடித்தார். அவருக்கும் மேலே, சிறிய கல்லூரியான ஃபிரான்சிஸ் மேரியனில் ஆடிய பேர்ல் மூர் 4,061-இல் இருக்கிறார். கிளார்க்கைக் கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் எந்தப் பட்டியலில் முதலிடம் என்பதை அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

கோபமும் கொண்டாட்டமும் ஆட்டத்தில் உண்டு. 2023 இறுதி ஆட்டத்தில் எல்.எஸ்.யு.வின் ஏஞ்சல் ரீஸ், அயோவாவின் கிளார்க்கைப் பார்த்து, "என்னைப் பார்க்க முடியாது" என்று சீண்டும் சைகையாக முகத்துக்கு முன்னால் கையை அசைத்தார். அதே சைகையைக் கிளார்க் முன்பே செய்திருந்தார். வெள்ளையரான கிளார்க்குக்குத் "துடிப்பு", கறுப்பினத்தவரான ரீஸுக்குத் "திமிர்" என்று எழுதியவர்கள் நிறத்தைப் பார்த்தே எழுதினார்கள் என்பது என் எண்ணம். ரீஸைக் கண்டிக்கக் கூடாது என்று கிளார்க்கே சொன்னார். நீங்கள் எழுதும்போது இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள். கை கூசினால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்தச் சர்ச்சையில் காணாமல் போனவர் எல்.எஸ்.யு.வின் ஜாஸ்மின் கார்சன். பெஞ்சிலிருந்து மாற்று வீராங்கனையாக வந்து முதல் பாதியில் மட்டும் 21 புள்ளி. அந்தப் பாதியில் எறிந்த ஒரு ஷாட்டும் தவறவில்லை. எல்.எஸ்.யு. 102-85 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி உங்கள் பேத்தி பள்ளியில் தமிழில் நான்கு வரி எழுதினால், முதல் வரியில் அவர் பெயர் வரட்டும்.