பிழை பொறுக்கும் தேடல்: கட்டளை வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேடும் சொல் கோப்பில் எந்த வடிவில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, ஒரு சொல் உள்ள வரிகளைத் தேடிக் காட்டும் வழக்கமான கிரெப் கட்டளை உதவுவதில்லை. ஒளிவருடிய பக்கங்களிலிருந்து எழுத்துணரி மென்பொருள் எடுத்துத் தந்த உரையிலும், பலர் தட்டச்சு செய்து சேர்த்த பெயர்ப்பட்டியலிலும் இந்த நிலை அடிக்கடி வரும். இதற்காகவே அரிசோனா பல்கலைக்கழகத்தில் சன் வூவும் உடி மான்பரும் ஏகிரெப் என்ற கட்டளையை உருவாக்கி, அதன் வழிமுறையை 1992-இல் கட்டுரையாக வெளியிட்டனர். பின்னர் வில்லே லாவுரிகாரியின் டிஆர்ஈ என்ற தேடல் நிரல் நூலகத்துடன் அதே பெயரில் இன்னொரு கட்டளை வந்தது. யூகிரெப் என்ற வேறொரு கட்டளையும் இதே வேலையைச் செய்கிறது. தேடுசொல்லை உரையில் உள்ள வடிவமாக மாற்ற எத்தனை குறிகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகுகளை) சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதே இவற்றின் அடிப்படை; அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு பிழை. அந்த எண்ணிக்கை பொருளையும் ஒலியையும் அறியாது. இதை மறந்துவிடுவதிலிருந்தே கீழே சொல்லும் தவறுகளில் பல தொடங்குகின்றன.

முதல் தவறு, சொல்லின் நீளத்தைப் பார்க்காமல் பிழை வரம்பை, அதாவது அனுமதிக்கும் பிழைகளின் எண்ணிக்கையை, தாராளமாக வைப்பது. ‘மரம்’ என்ற சொல், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ம, ர, ம, புள்ளி என நான்கு குறிகளால் ஆனது. ஒரு பிழையை அனுமதித்தால், முதல் குறியை நீக்கி ‘ரம்’ என்பதே போதும் என்றாகிவிடும். ஆகவே நேரம், தூரம், வாரம் ஆகியவை இருக்கும் வரிகள் எல்லாம் வந்து குவியும். இரண்டு பிழைகளை அனுமதித்தால் ‘ம்’ இருந்தாலே போதும்; தமிழ் உரையில் பெரும்பாலான வரிகள் அதற்குப் பொருந்திவிடும். முழுச்சொல்லாக மட்டும் தேடச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்த்தால் இந்த வெள்ளம் பெரிதும் வடியும். ஆனால் சில நிரல்கள் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதாமல் அங்கேயே சொல்லை முறித்துவிடுவதால், தெரிந்த சில வரிகளைக் கொண்டு முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. எப்போதும் ஒன்றிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். ஆங்கிலத் தட்டச்சுப் பிழைகளை ஆராய்ந்த ஃபிரெடெரிக் டேமரோ, அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓர் எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவது ஆகிய நான்கில் ஒன்றாகவே இருந்ததை 1964-இலேயே காட்டினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஏகிரெப்பின் கணக்கில் இடமாற்றம் தனி வகையன்று. ‘தகவல்’ என்பது ‘தவகல்’ ஆகியிருந்தால் அது இரண்டு பிழைகள். வரம்பு ஒன்றாக இருக்கும்போது அந்த வரி கிடைக்காது.

எந்த எழுத்து எதனோடு குழம்பும் என்று முன்பே தெரிந்திருந்தால், தோராயத் தேடலே தேவையில்லை. ரகர றகரக் குழப்பத்தைத் தேடுவதற்குப் பிழை வரம்பைச் செலவிடுவதைவிட, ‘ம[ரற]ம்’ என்று, இரண்டில் எது இருந்தாலும் பொருந்தும்படி அடைப்புக்குறி வைத்துச் சாதாரண கிரெப்பில் தேடுவது துல்லியமானது. வேண்டாத வரிகள் பெரிதும் குறையும். லகர, ளகர, ழகரங்களுக்கும் இதே வழிதான்.

தமிழ்க் கோப்புகளில் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது, கணினிச் சேமிப்பின் சிறிய அலகான பைட்டின் கணக்கு. வூ, மான்பரின் பழைய ஏகிரெப் பைட்டுகளையே எண்ணுகிறது. டிஆர்ஈ வழிவந்த ஏகிரெப் குறிகளை எண்ணக்கூடியது என்றாலும், ஷெல்லின் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலின்) லொகேல், அதாவது மொழி, எழுத்துமுறை அமைப்பு, யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையாக இல்லாமல் வெறும் ‘சி’ என்ற அடிப்படை அமைப்பாக இருந்தால் அதுவும் பைட்டுகளுக்கு இறங்கிவிடும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ஆகவே ஒரு புள்ளி விடுபட்டால் மூன்று பிழைகள். ஆனால் னகரம் ணகரமாக மாறினால், முதல் இரண்டு பைட்டுகளும் ஒன்றாகவே இருப்பதால், ஒரே பிழை. உகரக் குறி ஊகாரக் குறியானாலும் ஒரே பிழைதான். ஆனால் இகரக் குறி ஈகாரக் குறியானால், அவ்விரண்டுக்கும் நடுவே பைட் வரிசை தாவுவதால், இரண்டு பிழைகள். ஒரே வகையான குறில் நெடில் குழப்பத்துக்கு இரண்டு வெவ்வேறு விலைகள் என்றால், அந்த வரம்புக்கு என்ன பொருள்? தேடலைத் தொடங்குமுன் லொகேலைச் சரிபார்க்கும் அரை நிமிடம், பிறகு விடுபட்ட வரிகளைத் தேடி அலையும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

லொகேல் சரியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் எஞ்சும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கோ அவற்றிடையே ஒரு மாற்றலும் ஒரு சேர்த்தலும் உண்டு. அதாவது எழுத்துப்பிழையே இல்லாத இடத்தில் இரண்டு பிழைகள் செலவாகிவிடுகின்றன. ஐசியூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்துடன் வரும் யூகான்வ் நிரலைக் கொண்டு கோப்பையும் தேடுசொல்லையும், இத்தகைய இரட்டைக் குறிகளை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமைப்படுத்திய பிறகே தேட வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சு செய்துவிட்ட சொற்களை மட்டும் இந்த ஒருமைப்படுத்தலும் சரிசெய்யாது. அவற்றைத் தனியே தேடித் திருத்த வேண்டும்.

கட்டளைகளின் பெயரும் ஆப்ஷன்களும் ஒத்திருப்பதால் நேரும் தவறுகள் பிழைச்செய்தி எதையும் காட்டாமல் நடந்துவிடுகின்றன என்பதால் அவை ஆபத்தானவை. ஏகிரெப்பில் ‘-2’ என்றால் இரண்டு பிழைகள் வரை. கிரெப்பிலோ அது பொருந்திய வரிக்கு மேலும் கீழும் இரண்டு வரிகளைக் காட்டச் சொல்வது. யூகிரெப்பில் தோராயத் தேடலைத் தொடங்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து இசட், குனு கிரெப்பில் கோப்புப் பெயர்களுக்குப் பின் மதிப்பு சுழியமான பைட்டை இடுவதற்கானது. யூகிரெப் வேகத்துக்காகவும் வீண் பொருத்தங்களைத் தவிர்ப்பதற்காகவும் முதல் குறி மாறாமல் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. முதல் எழுத்திலேயே பிழை இருக்கக்கூடும் என்றால் அதை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் விருப்பக் குறியாகத் தளர்த்த வேண்டும். பழைய ஏகிரெப்பில் அரைப்புள்ளி ‘இரண்டும் வேண்டும்’ என்ற பொருளையும், காற்புள்ளி ‘ஏதேனும் ஒன்று’ என்ற பொருளையும் தரும். டிஆர்ஈ ஏகிரெப்பில் அவை வெறும் நிறுத்தற்குறிகள். மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் அரைப்புள்ளியை ஷெல்லே எடுத்துக்கொண்டு, மீதிச் சொல்லைத் தனிக் கட்டளையாக இயக்க முயலும்.

மிக நெருங்கிய பொருத்தங்களை மட்டும் தரும் ஆப்ஷனைப் பிழைதிருத்தத்துக்குப் பயன்படுத்துவது இன்னொரு தவறு. கோப்பில் சரியான வடிவம் ஒரே ஓர் இடத்தில் இருந்தால்கூட அதன் தொலைவு, அதாவது பிழை எண்ணிக்கை, சுழியம் என்பதால், அத்தகைய வரிகள் மட்டுமே வெளிவந்து, தேடிய பிழைகள் அனைத்தும் மறைந்துவிடும். இதற்கு மாற்றாகத் தோராயமாகத் தேடி, வந்த வரிகளிலிருந்து சரியான வடிவம் உள்ளவற்றைக் கிரெப்பால் கழிப்போரும் உண்டு. அப்போது சரியான வடிவமும் பிழையான வடிவமும் ஒரே வரியில் இருந்தால் அந்த வரியும் கழிந்துவிடும். உரையை முதலில் ஒரு வரிக்கு ஒரு சொல் என்று பிரித்து, வரிசைப்படுத்தி, மீண்டும் வருவனவற்றை நீக்கி, அந்தச் சொற்பட்டியலில் தேடுவதே பாதுகாப்பானது. கிடைத்த வடிவங்களைக் கண்ணால் படித்துத் தேர்ந்த பிறகே சொற்களைத் திருத்தி மாற்றும் கட்டளைக்கு அனுப்ப வேண்டும். ‘வெல்லம்’ என்பதும் ‘வெள்ளம்’ என்பதும் இரண்டே பிழைத் தொலைவில் இருக்கும் சொற்கள்.

சொற்றொடரைத் தேடும்போது மட்டும் இந்தப் பட்டியல் உதவாது. இக்கட்டளைகள் இயல்பாக வரி வரியாகவே பார்ப்பதால், வரி முடிவில் உடைந்த தொடர் எத்தனை பிழைகளை அனுமதித்தாலும் முழுதாகப் பொருந்தாது. ஏகிரெப்பின் பிரிப்பான் ஆப்ஷனில் வெற்று வரியைக் குறிப்பிட்டுப் பத்தியை ஓர் அலகாக்கலாம். அப்போதும் தொடரின் நடுவில் நிற்கும் வரி முறிவு ஒரு குறியாக எண்ணப்படும் என்பதால், வரம்பில் அதற்கும் ஓரிடம் ஒதுக்க வேண்டும்.