கோவில் மனையில் காய்கறித் தோட்டம்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு

பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஐந்து சென்ட் சும்மாதானே கிடக்கிறது, காய்கறி போட்டு இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், மண்வெட்டியைத் தூக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: புதன்கிழமை யார் தண்ணீர் விடுவது? ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் வரும், போட்டோ எடுக்கும், போய்விடும். அதனால் நாளுக்கு ஒரு அன்பியம் (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு குழு) என்று பிரித்து, பங்குத்தந்தை வாயாலேயே பூசையில் அறிவிக்கச் சொல்லுங்கள். சாமி சொன்னால் தட்ட மாட்டார்கள்.

அப்புறம் மண். நம் பக்கம் செம்மண், காய்ந்தால் கடப்பாரை கேட்கும், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்பூராங்கல் என்கிற செந்நிறப் பாறை தட்டும். ஈரமும் சத்தும் நிற்காது. கண்மாய் வண்டல் கலந்தால் ஈரம் பிடிக்கும், ஆனால் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்காமல் வண்டி அனுப்பாதீர்கள். கூடவே ஆட்டு எரு, மட்கிய சருகு. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதிப்பது பற்றிக் கேட்டுக்கொண்டு செலவில் இறங்குவது நல்லது. பாத்தி நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் உட்கார்ந்தே கை எட்ட வேண்டும், களை எடுக்க வருவது பெரும்பாலும் முட்டி வலிக்காரர்கள்.

வேலிக்குச் சீமைக்கருவேல முள்ளே போதும், ஆடு நுழையாது. மயில் நுழையும். அது முருகன் கோவிலா மாதா கோவிலா என்றெல்லாம் பார்க்காது, அடிக்கவும் கூடாது, சட்டப்படி குற்றம். நாற்றுப் பாத்திக்கு மேலே வலை கட்டுங்கள்.

என்ன போடுவது என்பதில்தான் நிறையத் தோட்டங்கள் கோட்டை விடுகின்றன. தனியாக இருக்கும் வயதானவர் வீட்டுக்குப் பாகற்காய் கொடுத்தால் அதை வதக்க எண்ணெய்க்கு எங்கே போவார்? கொஞ்சம் எரிபொருளில் சட்டென்று வெந்து, சோற்றோடு பிசைய முடிகிற காய்தான் வேண்டும். தண்டுக்கீரை, சிறுகீரை 25, 30 நாளில் வந்துவிடும். விதையை மணலோடு கலந்து தூவுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொட்டி முளைக்கும். ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை. கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி விடுங்கள். ஓரத்தில் பிகேஎம் 1 ரகச் செடிமுருங்கை நாலைந்து வையுங்கள், ஆறு மாதத்தில் காய்க்கும், கீரையும் ஆச்சு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் பாத்திகளுக்கு நடுவே வடிகால் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தரி வேர் அழுகும்.

கொடுக்கும் விதம் முக்கியம். வரிசையில் நிற்க வைக்காதீர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களுக்குத் தெரியும், பை அவர்கள் கையில் வீட்டுக்கே போகட்டும். கிறிஸ்தவ வீடா என்று பார்க்க வேண்டாம். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடு என்றுதான் பைபிளில் லேவியர் 19 சொல்கிறது. கீரையைச் சனிக்கிழமை சாயங்காலமே அறுத்து வைத்தால் காலையில் துவண்டிருக்கும். ஞாயிறு விடிகாலை அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பூசை முடிந்த கையோடு கொடுத்து விடுங்கள். பூச்சி அரித்த காயைப் பைக்குள் போடாதீர்கள், உங்கள் வீட்டுக்கு எதை வாங்க மாட்டீர்களோ அது எருக்குழிக்கு. போட்டோவும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் பாத்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம், முருங்கைக்கு மட்டும் தண்ணீர் விட்டு நிலத்தைக் காயப் போடுங்கள். அந்தச் சமயம் இரண்டு ராத்திரி ஆட்டுக்கிடை போட்டால், அதாவது மந்தையை நிலத்திலேயே அடைத்து வைத்தால், அடுத்த ஆடிக்கு எருச் செலவு பெரிதாக இருக்காது. கிடைக்காரரிடம் பங்குனியிலேயே சொல்லி வையுங்கள், சித்திரை பிறந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.