பிராக் நகரத்துக்கு ரெண்டே நாள் போறீங்களா? காலைலயே எந்திரிச்சிடுங்க

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போறவங்க முதல்ல சார்லஸ் பாலத்துக்குத்தான் ஓடுவாங்க, ஆனா பத்து மணிக்குப் போனா தலைங்கதான் தெரியும், பாலம் தெரியாது. விடியுற நேரத்துக்குப் போங்க. 1357ல கட்ட ஆரம்பிச்ச பாலம், 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் சேத்து 30 சிலை, கீழ வுல்டாவா ஆறு, அந்த அமைதியில நடக்குறதே தனி சுகம்ங்க. நெபோமுக் ஜான்னு ஒரு புனிதர் சிலை இருக்கு, அவரை 1393ல இந்த ஆத்துலதான் தூக்கிப் போட்டாங்க. சிலைக்கு அடியில இருக்கற வெண்கலத் தகடு முழுக்கக் கறுத்துக் கிடக்க, ஜனங்க தொட்டுத் தொட்டு வேண்டிக்கிற இடம் மட்டும் தங்கமாட்டம் பளபளன்னு மின்னும், கிட்டப் போய்ப் பாருங்க.

மலை மேல இருக்கற பிராக் கோட்டைக்கு ஏறி மூச்சு வாங்க வேணாம், 22ஆம் நம்பர் டிராம் பிடிச்சு மேல இறங்கி, பாத்துட்டு அப்படியே கீழ நடந்து வந்துடலாம், முட்டி வலி இருக்கறவங்களுக்கு இது பெரிய உதவி. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறினதும் உள்ள இருக்கற மிஷின்ல கண்டிப்பா ஸ்டாம்ப் பண்ணிடுங்க, டிக்கெட் கையில இருந்தும் ஸ்டாம்ப் இல்லன்னா ஃபைன்தான், நான் கட்டியிருக்கேன்.

அப்புறம் பழைய டவுன் சதுக்கத்துல 1410ஆம் வருஷத்துக் கடிகாரம், மணி அடிக்கும்போது மேல ஜன்னல் தொறந்து இயேசுவோட சீடர் பொம்மைங்க வரிசையா வரும், அஞ்சு நிமிஷம் முன்னாடியே நின்னுக்கோங்க. அங்க யூரோ இல்ல, கொருணாதான். தெருவுல யாராவது பணம் மாத்தித் தரேன்னு வந்தா வேணாம்னு சொல்லிட்டு நடங்க.