பல சர்வர்களைக் கவனிக்க அன்சிபிள்: எங்கே தொடங்கலாம்?

நாலைந்து லினக்ஸ் சர்வர்கள் இருந்தாலே, அவற்றை ஒரே இடத்திலிருந்து அமைத்துப் பராமரிக்கும் கருவியான அன்சிபிளுக்கு மாறிவிடலாம். சர்வர்களில் தனி ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் துணை நிரல்) எதுவும் வேண்டாம். தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்சும், பைத்தான் மொழியும் போதும். உங்கள் கணினியில் அன்சிபிளை நிறுவி, சர்வர் முகவரிகளைக் குழு பிரித்து இன்வென்டரி ஃபைலில் எழுதுங்கள்.

அப்புறம் பிங் மாட்யூலை ஓட்டுங்கள் (மாட்யூல் என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல்). பெயர்தான் பிங்; உண்மையில் லாகின் ஆகிறதா, பைத்தான் ஓடுகிறதா என்றுதான் பார்க்கும். ‘பாங்’ என்று பதில் வந்தால் சரி, சர்வர்களில் செய்யவேண்டிய பணிகளை வரிசையாகச் சொல்லும் பிளேபுக் ஃபைலை எழுத ஆரம்பிக்கலாம்.

எல்லாவற்றையும், கட்டளைகளை அப்படியே ஓட்டும் ஷெல் மாட்யூலில் எழுதும் ஆசை வரும், வேண்டாம். ஏற்கெனவே முடிந்த வேலையையும் அது திரும்பச் செய்யும். பேக்கேஜ், சர்வீஸ் மாட்யூல்கள் இப்போதைய நிலையைப் பார்த்து, தேவையானதை மட்டும் மாற்றும். நிஜமாக ஓட்டும் முன், எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் மோடில், ஃபைல்களில் என்ன மாறும் என்று காட்டும் டிஃப்பும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஷெல் பணிகளை செக் மோட் பொதுவாக ஓட்டாமல் தாண்டிவிடும்.