பாத எரிச்சல்: நரம்பு எங்கே நசுங்குகிறது என்று கண்டறியும் முறை

உள்ளங்கால் எரிந்தாலோ மரத்துப்போனாலோ தைலம் தேய்க்கும் முன், அந்தத் தொந்தரவு எந்த இடத்தில் இருக்கிறதோ அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். நரம்பு நசுங்குவது ஓரிடம், எரிச்சல் தெரிவது வேறிடம் என்பதால், இந்தக் கோடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வழிகாட்டி. எரிச்சல் இருக்கும்போதே வரைய வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து வரைந்தால் பெரும்பாலும் தவறிவிடும்.

கோடு உள்ளங்காலிலும் விரல்களின் அடியிலும் விழுந்தால், உள் கணுக்காலைச் சோதிக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, அந்தக் காலைத் தூக்கி மறு தொடையின் மேல் வையுங்கள். உட்புறம் புடைத்திருக்கும் கணுக்கால் எலும்பிலிருந்து குதிகாலை நோக்கி விரலை மெல்ல நகர்த்தினால், ஒரு நாடித்துடிப்பு தட்டுப்படும். அதை ஒட்டிப் பின்னால்தான் உள்ளங்காலுக்குச் செல்லும் நரம்பு, தசைநாண்களோடும் இரத்தக்குழாய்களோடும் சேர்ந்து, எலும்புக்கும் அதன்மேல் பட்டையாகப் படிந்த தசைநாருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் நுழைகிறது. இந்த வழிக்கு டார்சல் டனல் என்று பெயர். நடுவிரல் நுனியால் அங்கே நான்கைந்து முறை லேசாகத் தட்டுங்கள். தட்டிய இடத்தில் மட்டும் வலித்தால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல உள்ளங்காலுக்கோ விரலுக்கோ ஓடினால்தான் அது அறிகுறி. பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் 1915இல் விவரித்த சோதனை இது. மறு காலிலும் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, பாதத்தையும் விரல்களையும் மேல்நோக்கி இழுத்து, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி, ஐந்து முதல் பத்து விநாடி பிடித்திருங்கள். பழைய எரிச்சல் அப்படியே திரும்பினால் சந்தேகம் வலுக்கிறது. இதைக் குதிகால் வாதம் என்று பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். குதிகால் வாதம் எனப்படும் குதிகால் சவ்வு வீக்கம் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில்தான் அதிகம் வாட்டும். நரம்பு அழுத்தமோ நிற்கவும் நடக்கவும் கூடி, இரவிலும் எரியும்.

கோடு மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே இருந்தால், செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தினால், அது மார்ட்டன் நியூரோமாவாக, அதாவது விரல்களுக்கு இடையே செல்லும் நரம்பு தடித்துப்போனதாக, இருக்கலாம். பாதத்தின் முன்பகுதியை இருபுறமும் ஒரு கையால் அழுத்தி, மறு கைக் கட்டைவிரலால் அந்த இடைவெளியை அடியிலிருந்து அமுக்கி, அதே தொந்தரவு வருகிறதா என்று பாருங்கள். முனை குறுகிய காலணியை இன்றே மாற்றிவிடுங்கள்.

இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கிக் காலுறை போட்டதுபோல் மேலேறும் மரப்பு வேறு வகை. அதற்கு இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு, இரத்தச் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். நடக்கும்போது முன்பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முழங்காலின் வெளிப்புறத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாம், முதுகுத்தண்டிலும் காரணம் இருக்கலாம்.

வீட்டுச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அழுத்தம் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். பேனாக் கோட்டோடு பாதத்தைக் கைபேசியில் படமெடுத்து, எப்போது எரிகிறது, எதனால் தணிகிறது என்று இரண்டு வரி எழுதி எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பில் மின்சைகை எப்படிச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.